தேசப் பாதுகாப்பும் திறந்த அறிவியலும்: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து சட்ட ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வின் முடிவுகளும் தரவுகளும் முறைகளும் யாவருக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது திறந்த அறிவியலின் கோரிக்கை. அவற்றுள் சில தவறான கைகளில் சேர்ந்தால் நாட்டுக்குக் கேடு விளையும் என்பது பாதுகாப்புத் துறையின் கவலை. இரண்டும் நியாயமானவை. இரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பது சட்டம். அந்தக் கோட்டை யார், எந்த அதிகாரத்தின்பேரில், எந்த இடத்தில் கிழித்தார்கள் என்று ஆராய்வதே இத்துறையில் சட்ட ஆய்வாளரின் வேலை. சட்டப் படிப்பை முடித்துவிட்டு, அல்லது முடிக்கும் தறுவாயில், இந்த ஆய்வுக்குள் நுழைய விரும்பும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து இளைஞர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

டெல்லியில் இருப்பவர்களுக்கே இத்துறை பொருந்தும் என்ற தயக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. சென்னை, கோவை, சேலம், திருச்சி ஆகியவை மற்ற நான்கு. 2019 ஜனவரியில் திருச்சியில் அத்திட்டம் தொடங்கப்பட்டது. விமான உதிரிபாகங்களும் துல்லியக் கருவிகளும் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் சிப்காட் வளாகங்களிலும் அவற்றைச் சுற்றியும் இயங்குகின்றன. அங்கே வேலைக்குப் போகும் பொறியியல் மாணவர் தம் செய்முறைத் திட்ட அறிக்கையைக் கல்லூரி நூலகத்தில் வைக்கலாமா என்பதே இந்தத் துறையின் கேள்விதான்.

1. எந்த இரகசியத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று பிரித்தறியுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எல்லா மூடிய கதவுகளையும் ஒன்றாகவே கருதிவிடுகிறார்கள். அரசு சட்டத்தின் மூலம் மறைப்பது ஒரு வகை. இரு நிறுவனங்கள் தமக்குள் ஒப்பந்தம் போட்டு மறைப்பது வேறு வகை. தொழில் நுணுக்கத்தைப் போட்டியாளர் அறியாமல் காப்பது மூன்றாவது. நோயாளியின் பெயரையோ நேர்காணல் தந்தவரின் அடையாளத்தையோ வெளியிடாமல் காப்பது நான்காவது. இந்த நான்குக்கும் சட்ட அடிப்படை வேறு, மீறினால் விளைவு வேறு, கேள்வி கேட்க வேண்டிய அலுவலகமும் வேறு.

ஓசூரில் ஒரு தொழிற்கூட உரிமையாளர், "இந்த டிராயிங்கைக் காட்ட முடியாது சார், டிஃபென்ஸ் வேலை" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது பெரும்பாலும் தமக்கு ஆர்டர் தந்த நிறுவனத்தோடு கையெழுத்திட்ட இரகசியக் காப்பு ஒப்பந்தத்தைப் பற்றியதாக இருக்கும். அந்த வரைபடம் அரசால் இரகசியம் என்று வகைப்படுத்தப்பட்டதாகவும் இருக்கலாம், வகைப்படுத்தப்படாததாகவும் இருக்கலாம். அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்தத் தேவையே இல்லை, வற்புறுத்தவும் கூடாது. "இதைக் காட்டக் கூடாது என்று உங்களுக்கு யார், எந்த வடிவில் சொன்னார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கு வரும் பதில் உங்கள் ஆய்வுக்கு எந்த வரைபடத்தையும்விடப் பயன் தரும். ஏனெனில், எழுத்தில் எங்கும் இல்லாத தடைகள் வாய்மொழியாகவே பரவி, சட்டம் கேட்காத இடத்திலும் அறிவியலை அடைத்துவிடுகின்றன. அவற்றை எழுத்தில் உள்ள தடைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த ஆய்வின் முதன்மைப் பணி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2. சட்டங்களை இந்த வரிசையில் படியுங்கள்

அரசியலமைப்பிலிருந்து தொடங்குங்கள். 19(1)(அ) கருத்துரிமையைத் தருகிறது. 19(2) அதன்மீது விதிக்கத்தக்க கட்டுப்பாடுகளின் அடிப்படைகளைப் பட்டியலிடுகிறது. நாட்டின் பாதுகாப்பு அவற்றுள் ஒன்று. இங்கே முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு நம் மாநிலத்திலிருந்தே போனது. 1950இல் ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம் என்ற வழக்கில், பொது ஒழுங்குக்கு ஊறு என்பதெல்லாம் நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. அடுத்த ஆண்டே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து பொது ஒழுங்கையும் 19(2)இல் சேர்த்துவிட்டது. ஆயினும் அந்தப் பாகுபாடு நிலைத்துவிட்டது. 1965இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிமன்றம் அதை மூன்று வட்டங்களாக விளக்கியது: சட்டம் ஒழுங்கு பெரிய வட்டம், அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே மிகச் சிறிய வட்டமாக நாட்டின் பாதுகாப்பு. ஓர் அலுவலகம் "பாதுகாப்பு" என்று காரணம் சொல்லும்போது அந்தச் சிறிய வட்டத்துக்குள் அது உண்மையிலேயே அடங்குகிறதா என்று சோதிக்கும் பழக்கத்தை இந்த இரண்டு தீர்ப்புகளும் உங்களுக்குத் தரும்.

அடுத்து அலுவல் இரகசியச் சட்டம், 1923. இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு, ஐந்தாம் பிரிவு ஆகியவற்றை வரிவரியாகப் படியுங்கள். மூன்றாம் பிரிவு உளவு பற்றியது. படைத்துறை சார்ந்த குற்றங்களுக்குப் 14 ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. ஐந்தாம் பிரிவு தகவலைத் தகாத முறையில் பிறருக்குத் தருவது பற்றியது; தந்தவர் மட்டுமல்லாமல், சட்டத்துக்கு மாறாகத் தரப்படுகிறது என்று அறிந்தோ அறிய நியாயமான காரணம் இருந்தோ அதைப் பெற்றுக்கொண்டவரும் குற்றவாளி ஆவார். இரகசியம் என்றால் எது என்று அந்தச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. நூறாண்டு கடந்த ஒரு தண்டனைச் சட்டத்தில் இப்படியொரு வெற்றிடம் இருப்பது ஆய்வாளருக்குத் தனியே ஓர் அத்தியாயம் தரும்.

மூன்றாவதாக ஏற்றுமதிக் கட்டுப்பாடு. அறிவியலாளர்களை இன்று அதிகம் தொடுவது இதுதான். சட்டக் கல்லூரிகளில் மிகக் குறைவாகக் கற்பிக்கப்படுவதும் இதுவே. 1992ஆம் ஆண்டின் வெளிநாட்டு வணிக (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்ட அத்தியாயத்தையும், 2005ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதங்கள் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். இவற்றின்கீழ் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் வெளியிடும் ஸ்கோமெட் பட்டியல், சிறப்பு இரசாயனங்கள், உயிரிகள், பொருள்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள் ஆகியவற்றை வகை வகையாக அடுக்குகிறது. 2016இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், 2017 டிசம்பரில் வாசெனார் உடன்பாட்டிலும், 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியா குழுவிலும் இந்தியா சேர்ந்தது. ஆயுதம் செய்யவும் பயன்படக்கூடிய பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு அமைப்புகள் இவை. அவற்றின் பட்டியல்களோடு இசைந்துபோகும்படி நம் பட்டியலும் விரிந்திருக்கிறது. இந்தச் சட்டங்களில் "தொழில்நுட்பம்" என்பதற்குத் தரப்பட்டுள்ள வரையறையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: பொதுவெளியில் உள்ள தகவலை அது வெளிப்படையாகவே விலக்குகிறது. திறந்த அறிவியலுக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் மிகப் பெரிய வாசல் அது.

இனி மறுபக்கம். யுனெஸ்கோவின் திறந்த அறிவியல் பரிந்துரை 2021 நவம்பரில் ஏற்கப்பட்டது. தேசப் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக அணுக்கத்தை, அதாவது ஆய்வையும் தரவையும் பிறர் அணுகிப் பெறுவதை, கட்டுப்படுத்தலாம் என்பதை அதுவும் ஒப்புக்கொள்கிறது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும், உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014இல் சேர்ந்து வெளியிட்ட திறந்த அணுக்கக் கொள்கையும் உள்ளன. இவற்றைப் படிக்கும்போது ஓர் ஏற்றத்தாழ்வு கண்ணில் படும். மூடுவதற்குச் சிறைத் தண்டனையோடு கூடிய சட்டங்கள் இருக்கின்றன. திறப்பதற்கோ, தகவல் அறியும் உரிமைச் சட்டம் நீங்கலாக, பெரும்பாலும் கொள்கைகளே இருக்கின்றன. அவற்றைப் பின்பற்றாத அலுவலரை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்த முடியாது. ஆகவே, ஐயம் எழும் ஒவ்வோர் இடத்திலும் "கொடுக்காமல் இருப்பதே பத்திரம்" என்ற முடிவுக்கு அலுவலர் வருவது இயல்பாகிவிடுகிறது. அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. சட்டம் அவருக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சத்தை வைத்திருக்கிறது.

3. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கடைசிவரை பின்தொடருங்கள்

"தேசப் பாதுகாப்பும் அறிவியல் சுதந்திரமும்" என்று ஆய்வுத் தலைப்பு வைத்தால் மூன்று ஆண்டுகள் கழித்தும் முன்னுரையிலேயே நிற்பீர்கள். கையில் பிடிக்கத்தக்க ஒரு பொருளை எடுங்கள். என் மாணவர்களுக்கு நான் சொல்வது ஆமணக்கு.

தருமபுரி, சேலம் வட்டாரத்தில் மானாவாரி நிலங்களில் ஆமணக்கு விளைகிறது. அதற்கென்றே சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் புண்ணாக்கு வயலுக்கு உரமாகப் போகிறது; மாட்டுக்குத் தீனியாகப் போட முடியாது, ஏனெனில் அதில் ரைசின் என்னும் நச்சுப் புரதம் உள்ளது. அந்த நச்சை நீக்கிவிட்டால் புண்ணாக்கு நல்ல தீவனமாகும் என்பதால், நச்சு நீக்கம் பற்றிய ஆய்வு உழவருக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வு. அதே ரைசின், இரசாயன ஆயுதங்கள் ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட பொருள். அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்ற இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் இரசாயன ஆயுதங்கள் ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. ஸ்கோமெட் பட்டியலிலும் நச்சுப் பொருள்களுக்கு இடம் உண்டு.

இப்போது கேள்விகளை வரிசையாக எழுப்புங்கள். ஆமணக்கு விதையை விற்பது கட்டுப்படுத்தப்பட்டதா? இல்லை. எண்ணெய் ஏற்றுமதி? அதுவும் இல்லை; அது பெரிய வணிகம். தனித்தெடுத்த ரைசினை ஆய்வகத்தில் வைத்திருப்பது? அங்கே சட்டம் நுழைகிறது. புண்ணாக்கில் நச்சு எவ்வளவு குறைந்தது என்று அளந்து எழுதிய கட்டுரை? அதை வெளியிடத் தடையேதும் இருப்பதாக நான் காணவில்லை. அளப்பதற்காக நச்சைப் பிரித்தெடுத்த முறையை விரிவாகச் சொல்லும் பகுதி? அச்சேறிய பின் அது பொதுவெளித் தகவல். அச்சேறுவதற்கு முன், வெளிநாட்டு இதழின் ஆசிரியருக்கு மின்னஞ்சலில் போகும்போது, அது என்ன? ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் அடிப்படை அறிவியல் ஆய்வுக்குத் தரப்பட்டுள்ள விலக்கு இங்கே பொருந்துமா, அல்லது பயன்முறை ஆய்வு என்று சொல்லி மறுக்கப்படுமா? இந்தக் கடைசிக் கேள்விகளுக்கு வந்து சேரும்போது உங்களிடம் ஓர் உண்மையான ஆய்வுப் பொருள் இருக்கும். ஒரே பயிரின் விதை, எண்ணெய், புண்ணாக்கு, புரதம், கட்டுரை என்று ஐந்து நிலைகளில் சட்டம் எப்போது விழிக்கிறது, எப்போது உறங்குகிறது என்று காட்டிவிட்டால், எந்த ஆய்வுக் குழுவும் அதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும்.

பயிரில் ஆர்வமில்லாதவர்கள் நீரை எடுக்கலாம். காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் நீரை அளக்கும் மத்திய நீர் ஆணையத்தின் நிலையம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிலிகுண்டுலுவில் இருக்கிறது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் ஆண்டுதோறும் விட வேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோது, அந்த அளவு கணக்கிடப்படும் இடமும் இதுதான். பிலிகுண்டுலுவில் இன்று எத்தனை கன அடி வருகிறது என்பது ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுபவர் முதல் மேட்டூர்ப் பாசன உழவர்வரை எல்லோருக்கும் தெரியும், நாளிதழில் வரும். ஆனால் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளில் இதே வகை நீரோட்டத் தரவு, அவை நாட்டின் எல்லையைக் கடக்கும் ஆறுகள் என்பதால், மத்திய அரசின் நீர்வளத் தரவுக் கொள்கையில் பொதுவாக இரகசியம் என்று வகைப்படுத்தப்பட்ட தரவாகவே வைக்கப்பட்டிருக்கிறது. இரு மாநிலங்களுக்கிடையே இவ்வளவு கசப்பான வழக்கு நடந்த ஓர் ஆற்றின் தரவு திறந்திருப்பதால் யாருக்கு என்ன கேடு வந்தது, வழக்கைத் தீர்க்க அது எவ்வளவு உதவியது என்று ஆராய்ந்து, அந்த முடிவை எல்லை கடக்கும் ஆறுகளோடு ஒப்பிடுவது இந்த மாவட்டத்திலிருந்து ஒருவர் செய்யக்கூடிய சிறந்த ஆய்வு என்பேன்.

4. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கருவியாகப் பழகுங்கள்

பிரிவு 8(1)(அ) நாட்டின் பாதுகாப்பு, போர்த்தந்திர நலன்கள் ஆகியவற்றோடு அறிவியல் நலன்களையும் பெயர் சொல்லியே விலக்கில் சேர்த்திருக்கிறது. பிரிவு 24உம் இரண்டாம் அட்டவணையும் சில அமைப்புகளைச் சட்டத்திலிருந்தே விலக்குகின்றன, பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பான டி.ஆர்.டி.ஓ. அவற்றுள் ஒன்று. ஊழல் குற்றச்சாட்டும் மனித உரிமை மீறலும் அந்த விலக்குக்குள் வாரா. பிரிவு 8(2), பொதுநலன் தீங்கைவிட மேலோங்கி நின்றால், அலுவல் இரகசியச் சட்டம் என்ன சொன்னாலும் தகவலைத் தரலாம் என்கிறது. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் பற்றிய சீராய்வு வழக்கில் 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு இந்தப் பிரிவின் வலுவைப் பேசுகிறது. பிரிவு 10, மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தரச் சொல்கிறது. விண்ணப்பதாரர்கள் அதிகம் மறந்துபோகும் பிரிவு அதுவே.

விண்ணப்பம் எழுதுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரகசியத்தைக் கேட்காதீர்கள், இரகசியத்தின் நடைமுறையைக் கேளுங்கள். "இன்ன ஆய்வின் முடிவைத் தருக" என்று கேட்டால் மறுப்பு வரும். அதற்கு மாறாக இப்படிக் கேட்கலாம்: "ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடுமுன் முன் அனுமதி பெற வேண்டும் என்று தங்கள் அலுவலகம் பிறப்பித்த சுற்றறிக்கைகளின் நகல், கடந்த ஐந்து ஆண்டுகளில் வந்த அனுமதிக் கோரிக்கைகளின் எண்ணிக்கை, ஆண்டு வாரியாக, அவற்றில் மறுக்கப்பட்டவை எத்தனை, மறுப்புக்கு மேல்முறையீடு செய்யத்தக்க அதிகாரியின் பதவி." இதில் எந்த வரியும் நாட்டின் பாதுகாப்பைத் தொடவில்லை, எனினும் பதில் வந்தால் உங்கள் ஆய்வின் முதுகெலும்பே கிடைத்துவிடும். பதில் வராமல் போனாலும், எந்தப் பிரிவைச் சுட்டி மறுத்தார்கள் என்பது தரவாகும்.

மாநில அரசு அலுவலகம் என்றால் விண்ணப்பத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு இணையவழி விண்ணப்பம் எளிது. காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) சொல்வதால், ஆய்வாளர் என்று உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் நீண்ட பத்தியை விட்டுவிடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி தராவிட்டாலோ முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பின் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. ஆணையத்தில் தாமதம் ஏற்படக்கூடும் என்பதால் விண்ணப்பங்களை முதல் ஆண்டிலேயே அனுப்பிவிடுங்கள். அறிக்கை எழுத உட்காரும்போது அனுப்பினால் காலம் கடந்துவிடும்.

5. வழக்குகளைப் படிக்கும் முறை

மூன்று வழக்குகளை ஆழமாகப் படித்தால் போதும் என்று தொடக்கத்தில் சொல்வேன்.

முதலாவது, இஸ்ரோ உளவு வழக்கு. 1994இல் கேரளக் காவல்துறை நம்பி நாராயணன் உள்ளிட்டோரைக் கைது செய்தது. 1996இல் சி.பி.ஐ. குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று அறிக்கை தாக்கல் செய்தது. 2018 செப்டம்பர் 14இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஐம்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. ஓர் அறிவியலாளர் தம் பெயரை மீட்க 24 ஆண்டுகள் ஆயின. இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது மனித உரிமைக் கோணத்தோடு நின்றுவிடாதீர்கள். விற்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட தொழில்நுட்பம் எந்த ஆவணத்தில் இருந்தது, அது இரகசியம்தானா என்று கைதுக்கு முன் அறிவியல் தெரிந்தவர் எவரிடமாவது கேட்கும் கடமையைச் சட்டம் யார்மீதாவது வைத்திருக்கிறதா என்று தேடுங்கள். என் கருத்தில் அந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை.

இரண்டாவது, பறவைக் காய்ச்சல் கட்டுரை விவகாரம். நெதர்லாந்தின் ரான் ஃபூஷியேயும் அமெரிக்காவில் பணியாற்றும் யோஷிஹிரோ கவோகாவும் எச்5என்1 வைரஸ் பாலூட்டிகளுக்கிடையே காற்றில் பரவும் வாய்ப்பைத் தனித்தனியே ஆராய்ந்தனர். 2011 டிசம்பரில் அமெரிக்காவின் உயிரியல் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, செய்முறை விவரங்களை நீக்கி வெளியிடப் பரிந்துரைத்தது. திருத்திய கட்டுரைகளைப் பார்த்தபின் 2012 மார்ச்சில் நிலையை மாற்றிக்கொண்டது. நெதர்லாந்து அரசோ, கட்டுரையை வெளிநாட்டு இதழுக்கு அனுப்ப ஏற்றுமதி உரிமம் வேண்டும் என்றது. ஃபூஷியே மறுப்புத் தெரிவித்துக்கொண்டே உரிமம் பெற்றார், கட்டுரையும் வெளிவந்தது. 2013இல் கீழ் நீதிமன்றம் அரசின் நிலையை ஏற்றது. 2015இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது, ஆனால் கட்டுரைக்கு உரிமம் தேவையா என்ற மூலக் கேள்விக்கு முடிவு கிடைக்கவில்லை. ஆமணக்குப் பற்றி மேலே நீங்கள் எழுப்பிய கேள்வியும் இதுவும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரீஸ் ராத்தின் வழக்கு. விமானப்படை நிதியளித்த, ஆளில்லா விமானங்களுக்கான பிளாஸ்மா ஆய்வின் தொழில்நுட்பத் தரவை வெளிநாட்டு ஆராய்ச்சி மாணவர்கள் அணுக விட்டதற்காக அவர் 2008இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அதே நாட்டில்தான் 1985இல், அடிப்படை ஆய்வின் முடிவுகள் இயன்றவரை கட்டுப்பாடின்றி இருக்க வேண்டும், கட்டுப்படுத்த வேண்டுமென்றால் இரகசியம் என்று முறைப்படி வகைப்படுத்தியே செய்ய வேண்டும் என்ற அதிபர் ஆணை பிறந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், நிதி ஒப்பந்தத்தில் உள்ள ஒரு விதி ஆய்வின் தன்மையை எப்படி மாற்றிவிடுகிறது என்பது விளங்கும்.

நம் நீதிமன்றங்களின் அண்மைப் போக்கை அறிய, பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் 2021 அக்டோபர் 27இல் வந்த ஆணையையும், பாதுகாப்பைக் காரணம் காட்டி உரிமம் மறுக்கப்பட்ட மீடியா ஒன் தொலைக்காட்சியின் வழக்கில் 2023 ஏப்ரல் 5இல் வந்த தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை உச்சரித்த மாத்திரத்தில் நீதிமன்றத்தின் ஆய்வு நின்றுவிடாது என்பதும், சீலிட்ட உறையில் காரணம் தருவது எதிர்த்தரப்பின் உரிமையைப் பறிக்கிறது என்பதும் அவற்றில் உள்ளன.

6. உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்

இதைச் சுருக்கமாகவும் அழுத்தமாகவும் சொல்கிறேன். பொதுவில் கிடைக்கும் ஆவணங்களை மட்டுமே வைத்து ஆய்வு செய்யுங்கள். யாராவது "உள்ளே இருந்து வந்தது" என்று ஒரு கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், ஐந்தாம் பிரிவை நினைவில் கொண்டு, அதைத் திறக்காமலும் பிறருக்கு அனுப்பாமலும் உடனே உங்கள் நெறியாளரிடமும் வழக்கறிஞர் ஒருவரிடமும் பேசுங்கள். தடைசெய்யப்பட்ட இடம் என்று அறிவிக்கப்பட்ட வளாகங்களைப் படம் எடுக்காதீர்கள். வேண்டுமென்றால் கேட்டிலுள்ள அறிவிப்பில் சுட்டப்பட்ட சட்டத்தைக் கையால் குறித்துக்கொள்ளுங்கள். டிரோன் பறக்கவிட நேர்ந்தால், 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்கீழ் அந்த இடம் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் எதில் வருகிறது என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அன்றே பாருங்கள். பெலகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதால் ஓசூர்ப் பகுதியில் இது மிக அவசியம். தொழிற்கூட ஊழியர்களை நேர்காணும்போது பொருளின் அளவு, உலோகக் கலவை, யாருக்குப் போகிறது என்ற விவரங்களைக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்லத் தொடங்கினாலும் நிறுத்திவிடுங்கள். உங்கள் குறிப்பேட்டில் ஒரு வரி இருப்பதால் அவர் வேலை போகக் கூடாது.

7. படிப்பும் நூலகமும்

தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் இளநிலைச் சட்டம் படிப்பவர் முதுநிலையில் அரசியலமைப்பையோ பன்னாட்டுச் சட்டத்தையோ எடுக்கலாம், யு.ஜி.சி. நெட் தேர்வு எழுதி முனைவர் பட்டத்துக்குப் போகலாம். அந்தப் பாதை எல்லோருக்கும் தெரிந்ததே. அறிவியல் தெரிந்த ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள் என்பதே நான் கூட்டிச் சொல்வது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ பைசுஅள்ளியில் உள்ள பெரியார் பல்கலைக்கழக மையத்திலோ ஆய்வு செய்யும் ஒருவரோடு சேர்ந்து, அவர் துறையின் ஒரு கட்டுரையை நீங்களும் உங்கள் துறையின் ஒரு தீர்ப்பை அவரும் படியுங்கள். ஸ்கோமெட் பட்டியலின் ஒரு பக்கத்தை அறிவியலாளர் துணையில்லாமல் சட்ட மாணவர் புரிந்துகொள்ள முடியாது. மைக்ரான் கணக்கில் சொல்லப்படும் துல்லிய வரம்பு எந்த இயந்திரத்தைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்று அவர்தாம் சொல்வார்.

சட்டங்களுக்கு இந்தியா கோட் தளமும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ-எஸ்.சி.ஆர். தளமும், முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்காவும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கமும் உண்டு. இதழ்களுக்கு, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். செய்யவில்லை என்றால் முதல்வரிடம் மனுக் கொடுங்கள். தனியார் கல்லூரி மாணவர்களுக்கு இந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை என்பது வருத்தத்துக்குரியது. இதழ் ஒன்றின் கட்டுரைக்காகப் பெங்களூருவுக்கோ சென்னைக்கோ பேருந்து ஏறியவர்களுக்குத்தான் திறந்த அறிவியல் என்றால் என்ன என்பது நன்றாகத் தெரியும்.

8. எழுதுவதும் வெளியிடுவதும்

கட்டுரையில் ஒவ்வொரு தடையைப் பற்றியும் ஐந்து செய்திகளைச் சொல்லுங்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த அதிகாரி, எந்தத் தீங்கைத் தவிர்க்க, எவ்வளவு காலத்துக்கு, மறுக்கப்பட்டவர் யாரிடம் முறையிடலாம். ஐந்தில் ஒன்றுக்கு விடையில்லை என்றால் அதையே கண்டுபிடிப்பாக எழுதுங்கள். கால அளவு பெரும்பாலும் விடுபட்டிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(3) இருபது ஆண்டு கடந்த நிகழ்வுகளைப் பற்றிய தகவலைத் தரச் சொன்னாலும், பாதுகாப்புக் காரணத்துக்கு அங்கும் விலக்கு இருக்கிறது. பாதுகாப்பின் தேவையை மதித்தே எழுதுங்கள். தடை நியாயமானது என்று தோன்றும் இடத்தில் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். எல்லாத் தடையும் கொடுமை என்று எழுதும் ஆய்வை நீதிபதியும் நம்பமாட்டார், அறிவியலாளரும் நம்பமாட்டார்.

அறிவியலாளரோடு சேர்ந்து எழுதினால், அவர் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்கும் எண்ணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெளியிட்டபின் புதுமை போய்விடும். வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிக்க வேண்டுமென்றால் காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். இந்தியாவில் விண்ணப்பித்து ஆறு வாரம் கடந்து, இரகசியம் காக்கும்படி ஆணை வராதிருந்தால், அந்த அனுமதி தேவையில்லை. அவருடைய நிதி ஒப்பந்தத்தில் வெளியீட்டுக்கு முன் அனுமதி கோரும் விதி இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். அறிவியலாளர்கள் பலர் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

ஸ்கோமெட் பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுகிறது. நீங்கள் படித்த பட்டியல் எந்தத் தேதி அறிவிக்கையின்படி அமைந்தது என்பதை அடிக்குறிப்பில் எழுதுங்கள்; கட்டுரை அச்சுக்குப் போகுமுன் இயக்குநரகத்தின் தளத்தில் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். ஏற்கப்பட்ட கைப்பிரதியை உங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சேர்க்கப் பதிப்பகத்தின் ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று கையெழுத்திடும் முன் பாருங்கள். இடம் தராவிட்டால் கையெழுத்திடுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். கேட்டால் பல பதிப்பகங்கள் இசைகின்றன. கட்டுரையின் சாரத்தை ஆறேழு பக்கத்தில் தமிழில் எழுதி, நேர்காணல் தந்த தொழிற்கூடத்தாருக்கும், ஆமணக்கை எடுத்துக்கொண்டிருந்தால் ஏத்தாப்பூர் நிலையத்துக்கும், ஒரு படியை மாவட்ட மைய நூலகத்துக்கும் கொடுங்கள்.